நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை: முதுநிலையில் என்ன படிக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள்

நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஒன்று தானாக நிலத்தில் கிடப்பதில்லை. முதலில் ஓடையிலோ ஆற்றிலோ ஒரு புள்ளியைக் குறிக்க வேண்டும். எங்கெங்கே விழுந்த மழை மேற்பரப்பில் வழிந்து அந்தப் புள்ளிக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் அந்தப் புள்ளியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. புள்ளியைப் பாலத்தடியில் வைத்தால் ஒரு பரப்பு கிடைக்கும். இரண்டு கிலோமீட்டர் கீழே, துணையோடை ஒன்று கலக்கும் இடத்துக்கு அப்பால் வைத்தால் வேறு பரப்பு. சிறியது பெரியதற்குள் அடங்கிக்கொண்டே போகும். வயல் வாய்க்காலின் முனைக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி உண்டு. அமேசானின் கழிமுகத்துக்கும் உண்டு. அது ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர். சிறியதை நீர்வடிப்பகுதி என்றும் பெரியதை வடிநிலம் என்றும் சொல்வது வழக்கம். பொருள் ஒன்றுதான்.

அந்த நிலத்தின் எல்லையை வரைவது, அதில் விழும் மழைக்கு வரவு செலவு எழுதுவது, மேட்டில் ஒருவர் செய்வது பள்ளத்தில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று கணிப்பது, பிறகு இருவரையும் ஓர் ஏற்பாட்டுக்குக் கொண்டுவருவது: முதுநிலைப் படிப்பின் உள்ளடக்கம் இவ்வளவே. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடப் பெயர்கள் மாறும். சிவில், வேளாண் பொறியியல், புவியியல், நிலவியல், வனவியல், சுற்றுச்சூழல் என எந்தப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். அதனால் முதல் பருவத்தில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பாடம் மிக எளிதாகவும் இன்னொன்று மிகக் கடினமாகவும் இருக்கும். பொறியியல் படித்தவர்கள் மண்ணைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களாக இருப்பார்கள்; புவியியல் படித்தவர்கள் மடக்கையைக் கண்டால் ஒதுங்குவார்கள். இரண்டும் மூன்று மாதத்தில் சரியாகக்கூடியவை.

கால அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் பொதுவாக ஓராண்டு, 180 கிரெடிட், அதில் 60 ஆய்வேட்டுக்கு. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் ஈராண்டு, 120 கிரெடிட். இரண்டும் வெவ்வேறு கணக்குமுறை. 180 என்பது 120ஐ விட அதிகப் படிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லையை வரைதல்

முதல் பயிற்சி பெரும்பாலும் பென்சிலும் நிலவரைபடமும்தான். சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் நீர் வெளியேறும் புள்ளியைக் குறியுங்கள். அதற்கு மேலே உள்ள எல்லா ஓடைகளையும் நீல நிறத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள குன்றுகளின் உச்சிகளைப் புள்ளியிடுங்கள். சமஉயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் மேட்டுப் பக்கமாக வளையும். மலைமுதுகைக் கடக்கும் இடத்தில் பள்ளத்துப் பக்கமாக வளையும். இந்த ஒரு விதி கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமை. வெளியேறும் புள்ளியிலிருந்து ஒரு கரைவழியே மேலேறி, சமஉயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு, முகடுகளைத் தொட்டுச் சுற்றி, மறுகரை வழியாக அதே புள்ளிக்கு இறங்குங்கள். வரைந்த கோடு வெளியேறும் புள்ளியைத் தவிர வேறெங்கும் ஓடையை வெட்டக்கூடாது. வெட்டினால் பிழை.

அடுத்த வாரம் இதையே ஜிஐஎஸ் எனப்படும் நிலவரைபட மென்பொருளில் செய்யச் சொல்வார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் சுற்றி ராடாரில் அளந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. வேலை வரிசை இது: தரவுப் பிழையால் தோன்றும் பொய்ப் பள்ளங்களை நிரப்புதல்; ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நீர் எந்தப் பக்கம் போகும் என்று கண்டறிதல்; ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலேயிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என எண்ணுதல்; அந்த எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டிய கட்டங்களை ஓடை எனக் கொள்ளுதல்; வெளியேறும் புள்ளியை ஓடைமேல் பொருத்தி, எல்லையை வெட்டியெடுத்தல். வரம்பு 1000 கட்டம் என்றால் 0.9 சதுர கிலோமீட்டருக்கு மேல் நீர் சேரும் இடத்தில்தான் ஓடை தொடங்கும்.

பத்து நிமிட வேலை. அதனால்தான் பிழைகளும் பத்து நிமிடத்தில் வந்துவிடுகின்றன. வெளியேறும் புள்ளி ஓடையிலிருந்து ஒரே ஒரு கட்டம் தள்ளி விழுந்தால், 25 சதுர கிலோமீட்டருக்குப் பதில் ஒரு கைக்குட்டை அளவு எல்லை கிடைக்கும். இது கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். தெரியாத பிழைகள்தான் ஆபத்து. பள்ளம் நிரப்பும் கட்டளை உண்மையான ஏரியையும் கல்குவாரியையும் சேர்த்து நிரப்பிவிடும். ராடார் அளந்தது தரையை அல்ல, பல இடங்களில் மரத்தின் தலையை. காட்டோரம் ஒரு செயற்கை மேடு உருவாகி நீர்ப்பிரிகோடு, அதாவது பகுதியின் எல்லை, நகர்ந்துவிடும். சாலை மேடு அணைபோல் குறுக்கே நிற்கும், அதனடியில் உள்ள குழாய்ப்பாலம் தரவில் இருக்காது. சமவெளியில் ஓடைகள் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் இணைகோடுகளாக வரும். அப்படி வந்தால் அந்த இடத்தில் எல்லையை நம்பாமல் நேரில் நடந்து பார்க்க வேண்டும். தரவை அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையிலிருந்து மீட்டர் அளவுக்கு மாற்றாமல் பரப்பைக் கணக்கிடுவது ஒவ்வோர் ஆண்டும் எந்த வகுப்பிலும் யாராவது ஒருவர் செய்யும் பிழை.

இன்னொன்று, இதற்கு மென்பொருளில் மருந்தில்லை. மேற்பரப்பின் எல்லையும் நிலத்தடி நீரின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. சுண்ணாம்புப் பாறை நாடுகளில் இந்தப் பக்கம் விழுந்த மழை குகைவழியே மலைக்கு அந்தப் பக்கம் ஊற்றாகக் கிளம்பும். கால்வாய் ஒன்று பக்கத்து வடிநிலத்திலிருந்து நீரைக் கொண்டுவந்து கொட்டினாலும் கதை அதுவே. எல்லை தவறானால், அதற்குப் பிறகு வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

வரவு செலவு

மழை வரவு. ஓடையில் வெளியேறுவது ஒரு செலவு. ஆவியாதலும் பயிர் மரங்களின் நீராவிப்போக்கும் சேர்ந்து இன்னொரு செலவு. மீதி மண்ணிலும் நிலத்தடியிலும் இருப்பு. இருப்பு கூடவும் குறையவும் செய்யும். நீர்ச்சமநிலை என்று பாடநூல் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுவார்கள். 1 சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. என்றால் 1000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கை விரல்விட்டே போடலாம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பரப்பு 25 ச.கி.மீ., ஆண்டு மழை 900 மி.மீ. வரவு 2.25 கோடி கன மீட்டர். ஓடையின் ஆண்டுச் சராசரி ஓட்டம் விநாடிக்கு 0.16 கன மீட்டர். ஓராண்டில் ஏறத்தாழ 3.15 கோடி விநாடிகள், பெருக்கினால் 50 லட்சம் கன மீட்டர் சொச்சம், 25 ச.கி.மீ.க்குப் பரப்பினால் 202 மி.மீ. எனவே ஆவியாகவும் இருப்பாகவும் போனது 698 மி.மீ.

இங்கே மாணவர் ஒருவர் ஆவியாதலையும் நீராவிப்போக்கையும் சேர்த்து 640 மி.மீ. என்று வாய்ப்பாட்டில் கணக்கிட்டு, மிச்சம் 58 மி.மீ. நிலத்தடிக்குப் போயிற்று என்று எழுதுவார். தேர்வாளர் கேட்கும் கேள்வி ஒன்றே: மழை அளவில் 5 சதவீதம் பிழை இருந்தால்? அது மட்டுமே 45 மி.மீ. ஓட்டத்தில் 10 சதவீதம் பிழை என்றால் இன்னும் 20 மி.மீ. நீராவிப்போக்கின் பிழை இவ்விரண்டையும் விடப் பெரிது. கழித்து வந்த மிச்சத்தில் எல்லா உறுப்புகளின் பிழையும் வந்து தேங்கும். மிச்சமாகக் கிடைத்த எண்ணை அளந்து பெற்ற எண்போலப் பேசக்கூடாது. முதுநிலையில் கற்பிக்கும் பாடங்களிலேயே இதுதான் மிக முக்கியமானது என்று தோன்றுகிறது. இளநிலையில் கணக்குக்கு ஒரே விடை. இங்கே விடையோடு, அது எவ்வளவு ஆட்டம் காணும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மழையின் பிழை எங்கிருந்து வருகிறது? 20 செ.மீ. விட்டமுள்ள மழைமானியின் வாய் 0.0314 சதுர மீட்டர். 25 ச.கி.மீ. நிலத்தில் அது ஏறத்தாழ 80 கோடியில் ஒரு பங்கு. காற்று அடிக்கும்போது துளிகள் வாயைத் தாண்டிப் பறக்கும். எனவே மானி பெரும்பாலும் குறைத்தே காட்டும். பல மானிகள் இருந்தால் தீசன் பலகோண முறை (1911; ஒவ்வொரு மானிக்கும் அதற்கு அருகிலுள்ள நிலப்பரப்புக்கு ஏற்ற எடை), சமமழைக் கோட்டு முறை (ஒரே அளவு மழை பெற்ற இடங்களை இணைக்கும் கோடுகள்) என்று சராசரி எடுப்பார்கள். மானிகள் எல்லாம் ஊர்ப்பக்கம் தாழ்வில் இருந்து, மலைமேல் ஒன்றும் இல்லையென்றால் எந்த முறையும் காப்பாற்றாது.

ஓட்டத்தை அளப்பதில் கைவேலை அதிகம். ஓடையின் குறுக்கே கயிறு கட்டி, 20 இடங்களுக்குக் குறையாமல் ஆழம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகத்தை அளப்பார்கள். ஆழம் அதிகமென்றால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் அளந்து சராசரி. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் ஓட்டம். தினமும் இதைச் செய்ய முடியாது. அதனால் பல மட்டங்களில் அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரு வளைவு வரைந்துகொண்டு, பிறகு மட்டத்தை மட்டும் கருவியில் பதிவார்கள். வெள்ள நாளில் யாரும் ஓடையில் இறங்குவதில்லை. ஆகவே வளைவின் மேல்முனை பெரும்பாலும் நீட்டி வரைந்த ஊகம். ஆற்றில் மிகப் பெரிய ஓட்டங்கள் என்று பதிவேட்டில் இருப்பவை பல இப்படி வந்தவையே. வெள்ளம் படுகையை அரித்துவிட்டாலோ மணலைக் குவித்துவிட்டாலோ பழைய வளைவு செல்லாது.

சிறிய ஓடையில் 90 பாகை வி வடிவ வெட்டுத் தடுப்பு வைக்கலாம். விளிம்புக்கு மேல் நீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, 2.5 அடுக்கு உயர்த்தி, 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர். 30 செ.மீ. என்றால் விநாடிக்கு 68 லிட்டர், 31 செ.மீ. என்றால் 74 லிட்டர். ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் போயிற்று. வெட்டில் ஒரு சருகு சிக்கினாலும் அதே கதி.

ஒரு மழைக்கு எவ்வளவு ஓடும்

தடுப்பணையோ பாலமோ கட்டுபவருக்கு ஆண்டுக் கணக்கு போதாது. ஒரு மழையில் எவ்வளவு வழியும் என்று வேண்டும். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950களில் வகுத்த வளைவெண் முறை உலகெங்கும் இதற்குப் புழங்குகிறது. மண்ணின் வகை, நிலத்தின் போர்வை, மழைக்கு முன் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பவற்றைப் பார்த்து 100க்குள் ஒரு வளைவெண் தருவார்கள். 25400ஐ வளைவெண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால் நிலம் பிடித்துவைக்கக்கூடிய அளவு, மில்லிமீட்டரில். மழையிலிருந்து இந்தப் பிடிப்பளவின் 0.2 பங்கைக் கழித்து வர்க்கமாக்கி, மழையோடு அதே பிடிப்பளவின் 0.8 பங்கைக் கூட்டிய தொகையால் வகுத்தால் வழிந்தோடும் நீர்.

80 மி.மீ. மழைக்குப் போட்டுப் பாருங்கள். வளைவெண் 70 என்றால் வழிவது 20 மி.மீ. 85 என்றால் 43 மி.மீ.க்குச் சற்று மேல். மேய்ச்சல் நிலம் வீட்டுமனையாகும்போது எண் இப்படித்தான் நகரும், நீர் இரட்டிப்பாகும். நம் 25 ச.கி.மீ. பகுதியில் 5 லட்சம் கன மீட்டராக இருந்தது 11 லட்சத்தை நெருங்கும். முறை எளிது, அட்டவணை கையில் இருக்கிறது, எனவே எல்லாரும் எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது அமெரிக்காவின் சிறிய வேளாண் நீர்வடிப்பகுதிகளின் அளவீட்டிலிருந்து பிறந்தது. 0.2 என்ற பங்கு பல இடங்களில் அதிகம், 0.05 நன்றாகப் பொருந்துகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. காட்டு நிலத்தில் இந்த முறை அடிக்கடி ஏமாற்றும். காரணம், அங்கே நீர் ஓடும் விதமே வேறு.

மழையின் வேகம் மண் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சினால் மிச்சம் வழியும் என்பது அமெரிக்க நீரியலாளர் ஹார்ட்டன் 1930களில் சொன்னது. கெட்டித்த தரைக்கும் வெறும் நிலத்துக்கும் அது பொருந்தும். நல்ல காட்டு மண் எவ்வளவு கடுமையான மழையையும் பெரும்பாலும் குடித்துவிடும். அங்கே ஓடையோரத் தாழ்வுகள் அடியிலிருந்து நிரம்பி, அதற்கு மேல் விழும் துளி போக இடமில்லாமல் ஓடும். மழை நீடிக்க நீடிக்க அந்த நிரம்பிய பகுதி விரியும், நின்றால் சுருங்கும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1934 முதல் இயங்கும் கோவீட்டா ஆய்வுக்காட்டில் ஆய்வாளர்கள் ஹியூலெட்டும் ஹிப்பர்ட்டும் 1967இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். மேலாண்மைக்கு இதனால் என்ன பயன்? வழிவதைக் குறைக்கும் வேலையை முதல் வகை நிலத்தில் சரிவெங்கும் செய்ய வேண்டும். இரண்டாவதில் ஓடையோரத்தில் சிறிதளவு நிலத்தைக் கவனித்தாலே பெரும்பகுதி வேலை முடியும். எந்த வகை என்று தெரியாமல் திட்டம் போட்டால் பணம் தவறான சரிவில் போய் உட்காரும்.

மரம் நட்டால் ஆறு பெருகுமா

பெரும்பாலும் பெருகாது, ஆண்டு மொத்த ஓட்டம் குறையும். படிக்க வரும் பலருக்கு இது அதிர்ச்சி. சான்று வலுவானது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு நீர்வடிப்பகுதிகளைச் சில ஆண்டுகள் அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணித்துவிட்டு, ஒன்றில் மட்டும் மரத்தை வெட்டியோ நட்டோ பார்ப்பார்கள். மற்றது ஒப்பீட்டுக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் வேகன் வீல் கேப் என்ற இடத்தில் 1910 வாக்கில் தொடங்கிய சோதனை இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. 1982இல் பாஷ், ஹியூலெட் இருவரும் உலகெங்கும் நடந்த 94 சோதனைகளைத் தொகுத்தார்கள். பைன், யூகலிப்டஸ் போர்வை 10 சதவீதம் மாறினால் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மி.மீ. மாறுகிறது, இலையுதிர் மரங்களுக்கு 25, புதர்க்காட்டுக்கு 10. மரம் கூடினால் நீர் குறைகிறது, மரம் குறைந்தால் நீர் கூடுகிறது.

தென்னாப்பிரிக்கா இதைக் கொள்கையாகவே ஆக்கியது. வெளியிலிருந்து வந்து பரவிய பைன், யூகலிப்டஸ், வேட்டில் (ஒருவகை வேல மரம்) மரங்களை மலைச்சரிவுகளில் வெட்டி அகற்றி ஓடைகளில் நீரை மீட்கும் பெருந்திட்டத்தை 1995இல் தொடங்கியது. கூலிவேலை தருவதும் அதன் நோக்கம்.

அப்படியானால் காட்டை வெட்டிவிடலாமா? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1965-66 குளிர்காலத்தில் ஒரு நீர்வடிப்பகுதியின் மரங்களை முழுக்க வெட்டி, களைக்கொல்லி தெளித்து மூன்றாண்டு எதையும் முளைக்க விடாமல் வைத்தார்கள். ஓட்டம் கூடியது, உண்மை. ஆனால் ஓடையில் நைட்ரேட் குடிநீர் வரம்பையே தாண்டியது. மண்ணின் சத்து கரைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. மரம் மண்ணைப் பிடிக்கிறது, நீரைத் தெளிவாக வைக்கிறது, சிறு வெள்ளங்களைத் தணிக்கிறது. அதற்கு விலையாக நீரைக் குடிக்கிறது. மிகவும் கெட்டித்துப்போன தரிசில் மரம் நட்டால் நீர் உட்புகுவது கூடி, கோடையில் ஓடை சற்றே நீடிக்கவும் கூடும். அது மண்ணையும் மழையையும் பொறுத்தது. எதற்காக நடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு நட வேண்டும்.

மண்ணும் தடுப்பணையும்

மண்ணரிப்பைக் கணக்கிட விஷ்மையர், ஸ்மித் வகுத்த வாய்ப்பாட்டை எல்லா இடத்திலும் கற்பிக்கிறார்கள். மழையின் அரிக்கும் திறன், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், நிலப்போர்வை, பாதுகாப்பு முறை என்னும் காரணிகளைப் பெருக்கினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன். அது வயலில் பெயர்ந்த மண். ஓடைக்கு வந்து சேர்ந்த மண் அல்ல. வழியில் வரப்போரத்திலும் தாழ்விலும் பெரும்பகுதி தங்கிவிடும்.

தடுப்பணை எத்தனை நாள் வாழும் என்று பார்க்க இந்த வேறுபாடு அவசியம். 100 ஹெக்டேர் நிலம், ஹெக்டேருக்கு 10 டன் அரிப்பு, அதில் 30 சதவீதம் ஓடைக்கு வருகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 300 டன். கன மீட்டருக்கு 1.25 டன் என்றால் 240 கன மீட்டர். 2000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தடுப்பணை எட்டாண்டில் மண்மேடு. இதனால்தான் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற வரிசையில் வேலை செய்யச் சொல்கிறார்கள்: முதலில் உச்சிச் சரிவு, பிறகு நடுவில் சிற்றோடைகளின் கல் தடுப்புகள், கடைசியில் கீழே பெரிய கட்டுமானம். கண்ணுக்குத் தெரியும் தடுப்பணையை முதலில் கட்டித் திறப்புவிழா வைக்கும் ஆசை எங்கும் உண்டு. எங்கும் அது தூர்ந்துபோகிறது.

சிற்றோடைத் தடுப்புகளின் இடைவெளிக்கு எளிய விதி: மேல் தடுப்பின் அடி, கீழ்த் தடுப்பின் வழிந்தோடும் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். உயரத்தைச் சாய்வால் வகுக்க வேண்டும். 1 மீட்டர் உயரம், 5 சதவீதச் சாய்வு என்றால் 20 மீட்டருக்கு ஒன்று. உடைந்த தடுப்புகளைப் போய்ப் பாருங்கள். நடுவில் உடைந்தவை குறைவாகவே இருக்கும். கரைக்குள் போதுமான அளவு செருகாததால் நீர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போயிருக்கும். அல்லது நடுப்பகுதியைத் தாழ்வாக விடாமல் மட்டமாகக் கட்டியதால் ஓரம் அரித்திருக்கும். அல்லது விழும் நீரைத் தாங்கக் கீழே கல் பாவாததால் அடி பறிந்திருக்கும்.

நீரின் தரம் பற்றிய பாடத்திலிருந்து ஒரே ஒரு கணக்கு. செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், ஓட்டம் விநாடிக்கு 1 கன மீட்டர் என்றால் சுமை நாளுக்கு 86.4 கிலோ. சாதாரண நாளில் ஓட்டம் 0.1 கன மீட்டர், பாஸ்பரஸ் 0.05 மி.கி. என்று வையுங்கள்: நாளுக்கு 0.43 கிலோ. வெள்ள நாளில் ஓட்டம் 10, செறிவு 0.5: நாளுக்கு 432 கிலோ. ஒரு நாள் 1000 நாளுக்குச் சமம். மாதம் ஒருமுறை, அதுவும் வானம் வெளுத்த நாளில் போய் ஒரு புட்டி நீர் எடுத்துவந்து ஆண்டுச் சுமையைச் சொல்பவர்களின் அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரியும்.

கணினி மாதிரிகள்

மழையிலிருந்து ஓடையின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஸ்வாட், ஹெக்-எச்எம்எஸ் போன்ற இலவச மென்பொருள்களில் வேலை இருக்கும். பழைய மழையைக் கொடுத்து, கிடைக்கும் ஓட்டத்தை அளந்த ஓட்டத்தோடு ஒப்பிட்டு, உள்ளே உள்ள எண்களைத் திருகித் திருகிப் பொருந்த வைப்பார்கள். பொருத்தத்தை அளக்க நாஷ்-சட்கிளிஃப் குறியீடு (1970): 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் அளந்த ஓட்டத்தின் சராசரியைத் தினமும் ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தாலும் இதே அளவு சரியாக இருந்திருக்கும் என்று பொருள். குறியீடு பிழைகளை வர்க்கமாக்குவதால் வெள்ள உச்சிகள் பொருந்தினால் எண் அழகாக வந்துவிடும். கோடை ஓட்டம் படுமோசமாக இருந்தாலும் தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல்: திருகக்கூடிய எண்கள் 20 இருந்தால், முற்றிலும் வெவ்வேறான பல சேர்க்கைகள் ஒரே அளவு நன்றாகப் பொருந்தும். எது நிலத்தின் உண்மை என்று பொருத்தம் சொல்லாது. திருகிய ஆண்டுகளை விட்டுவிட்டு, மாதிரி பார்த்திராத வேறு ஆண்டுகளில் ஓட்டிப் பார்ப்பது குறைந்தபட்ச ஒழுக்கம். அதில் ஈரமான ஆண்டும் வறண்ட ஆண்டும் இருக்க வேண்டும்.

புள்ளியியலில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 100 ஆண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் என்பதல்ல. எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டில் ஒருமுறையாவது வர 26 சதவீதம். போன ஆண்டு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் மெதுவாகக் கையைத் தூக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மேட்டுக்காரரும் பள்ளத்துக்காரரும்

செலவு மேலே, பயன் கீழே. நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மையின் அரசியல் முழுவதும் இதில் அடங்கிவிடும். மேலே இருப்பவர் தன் நிலத்தின் ஒரு பகுதியை ஓடையோரப் புல்லாக விட்டால் தெளிந்த நீர் கிடைப்பது கீழே இருப்பவருக்கு. மேலே இருப்பவருக்கு யார் ஈடு கொடுப்பது?

நியூயார்க் நகரத்தின் ஏற்பாடு எல்லா வகுப்பிலும் வரும். கேட்ஸ்கில், டெலவேர் பகுதி மலைகளிலிருந்து வரும் நீரை வடிகட்டும் நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதில், மேட்டுநில ஊர்களோடு 1997இல் உடன்படிக்கை செய்து, நிலம் வாங்குவது, பண்ணைக் கழிவைக் கட்டுப்படுத்த உதவுவது, கழிவுநீர்த் தொட்டிகளைச் சீர்செய்வது என்று பணத்தை மேலே செலவிட்டார்கள். நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் பணக்கார நகரம், மக்கள் குறைந்த காட்டு மலை, சட்டத்தின் நெருக்குதல் மூன்றும் கூடிவந்த இடம் அது. அப்படியே பெயர்த்து நட முடியாது.

மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் வடிநிலம், 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2007 நீர்ச் சட்டமும் 2012 வடிநிலத் திட்டமும் பாசனத்திலிருந்து ஆண்டுக்கு 275 கோடி கன மீட்டர் நீரை ஆற்றுக்கே திருப்பித் தர இலக்கு வைத்தன. அதற்கு முன் 2010இல் வெளியான வரைவு வழிகாட்டியின் பிரதிகளைக் கிரிஃபித் ஊரில் விவசாயிகள் எரித்தார்கள். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்த வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நீர்ச் சட்டகம், மாவட்ட எல்லை, நாட்டு எல்லை பாராமல் வடிநிலத்தையே நிர்வாக அலகாக்கி, ஆறாண்டுக்கு ஒருமுறை திட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதையும் படிப்பீர்கள்.

எங்கே சேர்வது, எதை ஆய்வது

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையைவிட நான்கு கேள்விகள் உதவும். அவர்களுக்கே சொந்தமாகக் கருவி பொருத்திய நீர்வடிப்பகுதி இருக்கிறதா, அதில் எத்தனை ஆண்டுப் பதிவு? களத்தில் எத்தனை நாள்? மென்பொருளைச் சொல்லித்தருவதோடு அதன் உள்ளே உள்ள சமன்பாட்டையும் சொல்லித்தருகிறார்களா? சட்டமும் பொருளாதாரமும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? கடைசியில் உள்ளது விருப்பப் பாடமாக இருந்தால் அது நீரியல் படிப்பு, மேலாண்மைப் படிப்பு அல்ல. அதிலும் தவறில்லை, தெரிந்து சேர வேண்டும்.

ஆய்வேட்டில் பலர் சிக்குவது தலைப்பின் அகலத்தில். பருவநிலை மாற்றத்தால் ஒரு வடிநிலத்தின் நீர்வளம் என்னாகும் என்பது நான்கு மாதத்தில் முடியாது. ஒரே ஓடையில் மட்டம்-ஓட்ட வளைவை மாற்றினால் வெள்ள மதிப்பீடு எவ்வளவு மாறுகிறது என்பது முடியும், பயனும் உண்டு. களத்தில் நீங்களே அளக்கப்போவதாக இருந்தால், ஆய்வுக்காலத்தில் மழையே பெய்யாமல் போனால் என்ன எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே ஒரு மாற்றுவழி வேண்டும்.

பிறர் தரவை நம்பியிருந்தால், தலைப்பை நெறியாளரிடம் ஒப்படைக்கும் முன் கோப்பைத் திறந்துவிடுங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை இடைவெளி, நிலையம் இடம் மாறியதா, ஓட்டம் கன மீட்டரிலா கன அடியிலா என்று பாருங்கள். மழைப் பதிவில் தொடர்ந்து பல வாரம் 0 இருக்கும் மழைக்காலத்தைத் தேடுங்கள். மழையில்லாத நாளையும் மானி பழுதாகிக் கிடந்த நாளையும் ஒரே 0 ஆக எழுதிவைக்கும் பழக்கம் பல பதிவேடுகளில் உண்டு. பக்கத்து நிலையத்தில் அதே வாரம் 120 மி.மீ. பெய்திருந்தால் இங்குள்ள 0 மழையில்லா நாளின் 0 அல்ல. அந்த வாரங்களை வெற்றிடமாக மாற்றிவிட்டு, மிச்சம் எத்தனை ஆண்டு தேறுகிறது என்று மறுபடி எண்ணுங்கள்.